உங்கள் தெருமுனையில் சாக்கர் ஸ்டேடியம் வருகிறதா? பேரம் பேச ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஏதாவது ஒரு ஊருக்கு மேஜர் லீக் சாக்கர் அணி வரப்போகிறது என்று செய்தி கசிந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் வரும் கேள்வி சீசன் டிக்கெட் எவ்வளவு, இரண்டாவது கேள்வி வீட்டு விலை ஏறுமா. ஸ்டேடியம் யார் நிலத்தில் எழும்பப்போகிறது, சாலையும் சாக்கடையும் யார் காசில் போடப்படும், அதற்கெல்லாம் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. கேட்கத் தோன்றும்போது வாக்கெடுப்பு முடிந்து மண் அள்ளும் வண்டி வந்து நின்றிருக்கும்.

ஸ்டேடியத்தை விரட்டியடிக்க இதை எழுதவில்லை. எனக்குக் கால்பந்து பிடிக்கும், பக்கத்தில் ஸ்டேடியம் இருந்தால் நடந்தே போவேன். ஆனால் வருகிற அணியோடு உட்கார்ந்து பேசி ஊருக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ள முடியும், சில ஊர்கள் வாங்கியிருக்கின்றன, சில ஊர்கள் கோட்டைவிட்டிருக்கின்றன. அந்த அனுபவங்களிலிருந்து, குறிப்பாக ஓஹையோவின் சின்சினாட்டியிலும் டென்னஸியின் நாஷ்வில்லிலும் நடந்ததை வைத்து, என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

படி 1: அவசரம் யாருக்கு என்று பாருங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. புதிய அணிகளை லீக் சேர்த்துக்கொள்ளும்போது "ஸ்டேடியம் எங்கே?" என்றுதான் கேட்கும். பதில் இல்லாவிட்டால் இடம் வேறு ஊருக்குப் போய்விடும். அதனால் அணி உரிமையாளர்களுக்கு ஒரு கெடு இருக்கும். அந்தக் கெடுவை அவர்கள் உங்கள் தலையில் இறக்கி வைப்பார்கள்: "இந்த மாதத்துக்குள் முடியாவிட்டால் அணியே போய்விடும்." இதைக் கேட்டதும் நாம் பதறிவிடுகிறோம். பதற வேண்டியவர்கள் அவர்கள். உங்கள் தெரு எங்கேயும் போகப்போவதில்லை.

"போய்விடும்" என்ற மிரட்டல் எவ்வளவு உண்மை என்பதற்கு செயின்ட் லூயிஸ் ஒரு நல்ல உதாரணம். 2017 ஏப்ரலில் ஸ்டேடியத்துக்கு நகரத்தின் வரிப்பணத்தைக் கொடுக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள். 53-க்கு 47 என்ற கணக்கில் மக்கள் மாட்டேன் என்றார்கள். சரி, கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். இரண்டே வருடத்தில், 2019-இல், வேறு உரிமையாளர்கள் பெரும்பகுதி சொந்தப் பணத்தோடு வந்தார்கள், அணி 2023-இல் களமிறங்கியது. எல்லா ஊரிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் மிரட்டலைக் கேட்டதும் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே முதல் வாரம் ஒரே ஒரு வேலை. லீக் எப்போது முடிவு அறிவிக்கிறது, நிலத்தை வாங்கும் உரிமை எந்தத் தேதியில் காலாவதியாகிறது, எந்த சீசனில் ஆடத் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள், கட்டுமானத்துக்குச் சுமார் இரண்டு வருடம் என்றால் எப்போது தோண்ட ஆரம்பித்தாக வேண்டும் என்று ஒரு தாளில் தேதிகளை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். பேச்சுவார்த்தை முழுக்க அந்தத் தாள்தான் உங்கள் பலம்.

படி 2: யார் கையில் என்ன இருக்கிறது?

ஸ்டேடியம் என்றதும் மேயரையும் நகர மன்றத்தையும்தான் நினைக்கிறோம். உண்மையில் நில உரிமையாளர், நகர மன்றம், கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கமிஷனர்கள், பள்ளி வாரியம், துறைமுக ஆணையம் மாதிரி ஏதாவது ஒரு அரை அரசு அமைப்பு, சில சமயம் மாநில அரசு என்று ஐந்தாறு கைகள் உண்டு. ஒவ்வொரு கையிலும் ஒரு சாவி. எந்தச் சாவி இல்லாமல் கதவே திறக்காதோ, அதை வைத்திருப்பவரோடு நீங்கள் நிற்க வேண்டும்.

சின்சினாட்டி கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. எஃப்சி சின்சினாட்டி 2016-இல் ஒரு கீழ்நிலை லீக்கில் ஆடத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் நிப்பர்ட் ஸ்டேடியத்தில் ஆட்டம், கூட்டம் அள்ளியது. பெரிய லீக்குக்குப் போக வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு சாக்கர் ஸ்டேடியம் வேண்டும். ஓக்லி என்ற பகுதி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில் நியூபோர்ட், நகரின் நடுவுக்குப் பக்கத்திலுள்ள வெஸ்ட் எண்ட் என்று மூன்று இடங்கள் பேச்சில் இருந்தன. மூன்று ஊரையும் ஒருவருக்கொருவர் போட்டியாக நிறுத்தினால் விலை குறையும் என்பது உரிமையாளர்களுக்குத் தெரியாதா என்ன.

கடைசியில் வெஸ்ட் எண்ட். அங்கே அவர்கள் கேட்ட மனையில் டாஃப்ட் உயர்நிலைப் பள்ளியின் ஸ்டார்ஜெல் மைதானம் இருந்தது, அதன் உரிமை சின்சினாட்டி பொதுப் பள்ளிகளிடம். அதாவது பள்ளி வாரியம் சம்மதிக்காமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. வாரியம் அவசரப்படவில்லை. புதிய ஸ்டார்ஜெல் மைதானத்தை அணி தன் செலவில் கட்டித்தர வேண்டும், சொத்துவரியில் பள்ளிக்கு நியாயமாக வர வேண்டிய பங்கு வந்தாக வேண்டும் என்று இரண்டையும் பிடித்துக்கொண்டது. அணி முதலில் காட்டிய தொகையை ஏற்கவில்லை. 2018 ஏப்ரலில், லீக்கின் கெடு கழுத்தை நெரித்த நேரத்தில், அணி இறங்கி வந்தது: பத்து வருடத்தில் 2.5 கோடி டாலர் பள்ளிகளுக்கு, அதற்கு மேல் புது மைதானம். சில நாட்களில் நகர மன்றம் சாலை, சாக்கடை முதலிய வேலைகளுக்குச் சுமார் 3.5 கோடி டாலர் தர 5-க்கு 4 என்று வாக்களித்தது. மே மாதக் கடைசியில் லீக் அணியை அறிவித்தது. டிக்யூஎல் ஸ்டேடியம் 2021 மே மாதம் திறந்தது, 26,000 இருக்கைகள்.

இதே நேரத்தில் வெஸ்ட் எண்ட் குடியிருப்பாளர்களும் பேசினார்கள், கத்தினார்கள், கூட்டங்களை நிரப்பினார்கள். அவர்களுக்குப் பழைய காயம் இருந்தது. 1950-களின் கடைசியிலும் 60-களிலும் நெடுஞ்சாலைக்காகவும் தொழிற்பேட்டைக்காகவும் அந்தப் பகுதியின் கென்யன்-பார் என்ற பாகத்தை அப்படியே இடித்தார்கள், 25,000-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், வீடிழந்தார்கள். அதனால் "யாரும் வெளியேற்றப்பட மாட்டார்கள்" என்ற வாக்குறுதியை அங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர்கள் கையில் நிலமும் இல்லை, வாக்கும் இல்லை. பள்ளி வாரியம் கேட்டதற்குத் தொகையும் தவணையும் கிடைத்தன, தெருக்காரர்களுக்குக் கிடைத்த ஒப்பந்தமோ அவர்களுக்குள்ளேயே சண்டையை மூட்டியது.

ஆகவே வரைபடம் போடுங்கள். ஸ்டேடியம் வரும் மனை, வாகன நிறுத்தம், நுழைவுச் சாலை, அணி தனியாகக் கட்டப்போகும் கடைகளும் அடுக்ககங்களும், எல்லாவற்றின் உரிமையாளர் யார் என்று சொத்துப் பதிவுகளை வைத்திருக்கும் கவுன்ட்டி ஆடிட்டர் அல்லது அசெஸரின் இணையதளத்தில் பாருங்கள். இலவசம், ஒரு மாலைப்பொழுது வேலை. ஒரு பள்ளியின், பூங்காத் துறையின், தேவாலயத்தின் ஒரு துண்டு நிலம் நடுவில் கிடந்தால் அதிர்ஷ்டம்தான். அவர்களிடம் அணிக்கு முன்னால் நீங்கள் போய் உட்காருங்கள்.

படி 3: "எல்லாம் எங்கள் சொந்தப் பணம்" என்ற வாக்கியத்தைப் பிரித்துப் படியுங்கள்

ஸ்டேடியம் கட்டடத்துக்குச் சொந்தப் பணம் என்பது பல இடங்களில் உண்மைதான். அந்த வாக்கியம் சொல்லாமல் விடுவதைத்தான் நாம் தேட வேண்டும்.

சொல்லாத பகுதி பொதுவாக மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும். ஒன்று, சாலை, பாலம், மின்சாரம், வடிகால், இதெல்லாம் "உள்கட்டமைப்பு" என்ற பெயரில் நகரத்தின் கணக்கில் விழும். இரண்டு, நிலம்: சந்தை வாடகையா, பெயருக்கு ஒரு வாடகையா, எத்தனை வருடக் குத்தகை? மூன்றாவதுதான் பெரிது, சொத்துவரி. ஸ்டேடியத்தை ஒரு அரசு அமைப்பின் பெயரில் எழுதி அணிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டால் சொத்துவரி கிடையாது. ஆஸ்டினில் அணி சொந்தச் செலவில் கட்டிய ஸ்டேடியம் நகரத்துக்குச் சொந்தம், 2018 ஆகஸ்டில் 7-க்கு 4 என்று நகர மன்றம் ஒப்புக்கொண்டது, கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நகரத்துக்குச் சொந்தமான கட்டடத்துக்கு யார் சொத்துவரி கட்டுவார்கள்?

நியூயார்க்கில் குவீன்ஸின் வில்லெட்ஸ் பாயின்டில் நியூயார்க் சிட்டி எஃப்சி கட்டும் 25,000 இருக்கை ஸ்டேடியத்துக்குச் செலவு சுமார் 78 கோடி டாலர், அணியின் பணம். ஆனால் நிலம் நகரத்தினுடையது, சொத்துவரி இல்லை. நகரத்தின் சுயேச்சையான பட்ஜெட் அலுவலகம் உட்கார்ந்து கணக்குப் போட்டது: 49 வருடத்தில் வராமல் போகும் வரி 51.6 கோடி டாலர். நகரம் பதிலுக்கு அதே இடத்தில் 2,500 மலிவு வாடகை வீடுகள் வருகின்றன என்று காட்டுகிறது. இது நல்ல பேரமா இல்லையா என்று ஆளாளுக்கு வாதாடலாம், ஆனால் வாதாடுவதற்கு ஒரு எண் மேசையில் இருந்தது. உங்கள் ஊரில் அந்த எண்ணைப் போட யாரும் இல்லையென்றால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

எப்படி? ஒவ்வொரு மாநிலத்திலும் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது, நம்மூர் ஆர்டிஐ மாதிரி. டெர்ம் ஷீட் (ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனைகளின் சுருக்கம்), போக்குவரத்து ஆய்வு, நிலத்தின் மதிப்பீட்டு அறிக்கை, நகரத்துக்கும் அணிக்கும் இடையே போன மின்னஞ்சல்கள், இவற்றை எழுத்தில் கேளுங்கள். "ஸ்டேடியம் சம்பந்தப்பட்ட எல்லாம்" என்று கேட்டால் ஆறு மாதம் இழுப்பார்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, இன்ன துறைக்கும் அணிக்கும் இடையில் என்று குறுக்கிக் கேட்டால் சீக்கிரம் வரும்.

ஊருக்குப் பணம் கொட்டும் என்று ஒரு வண்ண அறிக்கை காட்டுவார்கள். சுயேச்சையான பொருளாதார ஆய்வாளர்கள் முப்பது வருடமாக ஏறக்குறைய ஒரே குரலில் சொல்வது, ஸ்டேடியங்கள் போட்ட பொதுப்பணத்தைத் திருப்பித் தருவதில்லை என்பதுதான். லீக்கில் ஒரு அணிக்குச் சொந்த ஊரில் சீசன் ஆட்டங்கள் 17. மீதி நாட்களில் கச்சேரியோ கல்யாணமோ நடந்தால்தான் விளக்கெரியும். சின்சினாட்டி இருக்கும் ஹாமில்டன் கவுன்ட்டிக்கு இது அனுபவப் பாடம்: 1996-இல் அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் பேஸ்பால் அணிக்குமாக விற்பனை வரியை அரை சதவீதம் ஏற்றினார்கள், அந்தக் குத்தகை அமெரிக்காவிலேயே மோசமான ஒப்பந்தங்களில் ஒன்று என்று பெயரெடுத்தது, கவுன்ட்டி வருடக்கணக்கில் பட்ஜெட் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் சாக்கர் அணி கேட்டபோது கமிஷனர்கள் ஸ்டேடியத்துக்குப் பணம் தர மாட்டோம், வேண்டுமானால் வாகன நிறுத்தக் கட்டடம் கட்டித்தருகிறோம் என்று நின்றார்கள். சுட்டுக்கொண்ட கை.

படி 4: வாக்குகளை எண்ணுங்கள்

நியாயம் உங்கள் பக்கம் இருப்பது நல்லது, எண்ணிக்கையும் இருந்தால்தான் வேலை நடக்கும். எத்தனை வாக்கு தேவை என்பதை நகரத்தின் அடிப்படைச் சட்டமான நகர சாசனத்தில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், சாதாரணப் பெரும்பான்மை என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். மயாமியில் பொது நிலத்தைப் போட்டி ஏலமில்லாமல் குத்தகைக்கு விட ஐந்தில் நான்கு கமிஷனர்கள் தேவைப்பட்டது. 2018-இல் மக்கள் வாக்கெடுப்பில் பச்சைக்கொடி கிடைத்தும், அந்த நான்காவது வாக்கு சேர 2022 ஏப்ரல் ஆயிற்று.

நாஷ்வில் இன்னும் சுவாரசியம். அங்கே ஸ்டேடியத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம் ஃபேர்கிரவுண்ட்ஸ் என்ற பழைய பொருட்காட்சித் திடல். சந்தை, கார் பந்தயம், கண்காட்சி என்று ஊரோடு ஒட்டிய இடம். 2011-இல் அதை மூட நினைத்தபோது மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, வாக்களித்தவர்களில் பத்தில் ஏழு பேர் காப்பாற்றச் சொல்லி, சாசனத்திலேயே திருத்தம் போட்டுவிட்டார்கள். அந்தத் திருத்தத்தின்படி அங்கே ஒரு கட்டடத்தை இடிக்க நாஷ்வில்லின் நகர மன்றமான, 40 பேர் கொண்ட மெட்ரோ கவுன்சிலில் 27 பேர் கை தூக்க வேண்டும். 2017 நவம்பரில் 22.5 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு கவுன்சில் ஏற்கெனவே ஒப்புதல் தந்துவிட்டது, எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் இடிப்பதற்கான அந்த 27 வாக்குகள் 2018 செப்டம்பரில் மறுபடி தேவைப்பட்டன. ஏழு வருடத்துக்கு முன்னால் வேறு சண்டைக்காகப் போட்ட ஒரு வரி, தெருக்காரர்களுக்குப் பேச ஒரு மேசையைக் கொடுத்தது.

செய்முறை எளிது. உறுப்பினர்களின் பெயரை எழுதி ஆதரவு, எதிர்ப்பு, ஊசலாட்டம் என்று மூன்று நிறம் பூசுங்கள். ஊசலாடுபவர்களை மட்டும் பாருங்கள். உறுதியாக எதிர்ப்பவரிடம் போய் மணிக்கணக்கில் பேசுவது மனதுக்கு இதமாக இருக்கும், வேறு பலன் இல்லை. ஊசலாடுபவரிடம் "வேண்டாம் என்று வாக்களியுங்கள்" என்று கேட்பதைவிட "இந்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை வாக்களிக்க மாட்டேன் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவருக்கும் அதுதான் வசதி, இரண்டு பக்கமும் பகை இல்லை.

படி 5: யார் பேசுவது?

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அணியின் ஆலோசகர்கள் முதலில் தேடுவது, சீக்கிரம் சம்மதிக்கக்கூடிய, "சமூகம்" என்று பலகை மாட்டிய ஒரு குழுவைத்தான்.

நியூயார்க்கின் புரூக்ளினில் பார்க்ளேஸ் சென்டர் அரங்கம் இருக்கும் அட்லாண்டிக் யார்ட்ஸ் திட்டத்துக்கு 2005-இல் ஒரு சமூகப் பயன் ஒப்பந்தம், அதாவது கட்டுபவர் ஊருக்குத் தர வேண்டியதை எழுதிவைக்கும் ஒப்பந்தம், போட்டார்கள். கையெழுத்திட்ட குழுக்களில் சிலவற்றுக்குக் கட்டுமான நிறுவனமே பணம் கொடுத்திருந்தது. ஒப்பந்தத்தில் சொன்ன சுயேச்சைக் கண்காணிப்பாளரை நியமிக்கவே இல்லை. வெஸ்ட் எண்டில் வேறு விதமான சிக்கல்: சமூக மன்றத் தலைவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதை எதிர்த்து மன்றத்தின் உறுப்பினர்களே நின்றார்கள். ஒப்பந்தம் பிறந்த அன்றே அதன்மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை.

நாஷ்வில்லில் ஸ்டாண்ட் அப் நாஷ்வில் என்ற கூட்டணி, தொழிற்சங்கங்களும் தேவாலயங்களும் குடியிருப்பாளர் அமைப்புகளும் சேர்ந்தது, அணி உரிமையாளர்களோடு நேரடியாகப் பேசியது. இடிப்பு வாக்கெடுப்புக்கு முன்னால் கையெழுத்து வாங்கியது. ஸ்டேடியத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 15.50 டாலர் குறைந்தபட்ச ஊதியம், பக்கத்தில் கட்டும் வீடுகளில் ஐந்தில் ஒரு பங்கு நடுத்தர, குறைந்த வருமானக்காரர்களுக்கு எட்டும் வாடகையில், ஒரு குழந்தைகள் காப்பகம், சிறு கடைகளுக்கு இடம். பாருங்கள், எல்லாம் எண்ணி அளந்து சொல்லக்கூடியவை.

உங்கள் கூட்டணிக்கு முதல் கூட்டத்திலேயே ஒரு விதியை எழுதிக்கொள்ளுங்கள். யாரும் தனியாகப் போய்ப் பேசக்கூடாது, குறைந்தது இரண்டு பேர். கையெழுத்துக்கு முன் பொதுக்குழுவின் வாக்கு. அணியிடமிருந்தோ அதன் அறக்கட்டளையிடமிருந்தோ யாராவது நன்கொடை வாங்கியிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அது குற்றமில்லை, ஒளித்தால்தான் குற்றம். வாடகைக்கு இருப்பவர்களையும் சேருங்கள். வீட்டுக்காரருக்கு விலை ஏறினால் லாபம், வாடகைக்காரருக்கு அதுவே ஊரைவிட்டுப் போகும் நோட்டீஸ். நம் ஆட்கள் பெரும்பாலும் முதல் வகை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

படி 6: கேட்பதை எழுத்தில் வையுங்கள்

வாயில் சுட்ட வடையைச் சாப்பிட முடியாது. பேச்சுவார்த்தையில் யார் முதலில் வரைவு எழுதுகிறாரோ அவருடைய சொற்கள்தான் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும், ஆகவே நீங்கள் எழுதுங்கள். சட்டக் கல்லூரிகளின் இலவச உதவி மையங்களைக் கேட்டுப்பாருங்கள், மாணவர்களுக்கும் இது நல்ல பயிற்சி.

"அணி உள்ளூர் இளைஞர்களின் வளர்ச்சியில் அக்கறை காட்டும்" என்பது மொட்டைத் தாதன் குட்டையில் விழுந்த கதை, எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். "ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1-க்குள் இன்ன அஞ்சல் குறியீட்டுக்குள் இருக்கும் பள்ளிகளுக்கு இவ்வளவு டாலர், தவறினால் ஒரு நாளைக்கு இவ்வளவு" என்பது ஒப்பந்தம். யார், எவ்வளவு, எப்போது, எங்கே, தவறினால் என்ன, அணியை வேறொருவர் வாங்கினால் அவரையும் கட்டுப்படுத்துமா. இந்த ஆறும் இல்லாத வரியை அடித்துவிடுங்கள்.

என்ன கேட்கலாம்? 2001-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டேப்பிள்ஸ் சென்டர் விளையாட்டு அரங்கத்துக்குப் பக்கத்தில் பெரிய வணிக வளாகம் வந்தபோது ஃபிகரோவா காரிடார் கூட்டணி வாங்கிய பட்டியல் இன்றைக்கும் முன்மாதிரி: 70 சதவீத வேலைகளுக்கு வாழக்கூடிய ஊதியம் என்ற இலக்கு, 20 சதவீத வீடுகள் மலிவு விலையில், பூங்காக்களுக்கு 10 லட்சம் டாலர், அப்புறம் தெருவில் குடியிருப்போருக்கு மட்டும் வாகன அனுமதி. இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். ஆட்டநாளில் உங்கள் வீட்டு வாசலில் உங்கள் காரை நிறுத்த முடியாமல் நான்கு தெரு தள்ளி நிறுத்திவிட்டு மளிகைப் பையோடு நடந்தால் அதன் அருமை தெரியும். அனுமதிச்சீட்டுக்கான கட்டணத்தை அணி கட்ட வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

ஆட்டங்களைத் தவிர வருடத்துக்கு எத்தனை கச்சேரி, இரவு எத்தனை மணிக்கு ஒலிபெருக்கி நிற்கும், வாணவேடிக்கை உண்டா, ஆட்டம் முடிந்து எத்தனை மணி நேரத்துக்குள் தெருக் குப்பையை அள்ளுவார்கள், உள்ளூர்ப் பள்ளி அணிகள் வருடத்தில் எத்தனை நாள் அந்தப் புல்லில் ஆடலாம். இதெல்லாம் வாக்கெடுப்புக்கு முன் கேட்டால் ஒரு வரியில் கிடைக்கும். பின்னால் கேட்டால் ஒரு புன்னகை கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், எல்லைக்கோடு. "ஸ்டேடியத்துக்காக யாரும் வெளியேற்றப்பட மாட்டார்கள்" என்றால் ஸ்டேடியத்தின் நான்கு சுவருக்குள்ளா, சுற்றியுள்ள நான்கு தெருவுக்குமா? வெஸ்ட் எண்டில் வாக்கெடுப்பு நடந்து ஒரு வருடம் கழித்து, 2019-இல், ஸ்டேடியத்தை ஒட்டிய கட்டடங்களை அணித் தரப்பு வாங்கியது, அங்கே வாடகைக்கு இருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னது, அவர்களில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு மூதாட்டியும் உண்டு. ஊரே கொதித்தது. ஸ்டேடியம் வரும் மனையை மட்டும் பார்த்தால் கொடுத்த வாக்கு மீறப்படவில்லை என்று வாதாட முடியும், அதுதான் பிரச்சினையே. வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, அந்தப் படத்தை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேருங்கள். அணியோடு தொடர்புள்ள எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்றும் எழுதுங்கள், நிலம் வாங்குவது எப்போதும் வேறு பெயரில்தான் நடக்கும்.

படி 7: இரண்டு நிமிடம்

பொது விசாரணையில் பேசப் பெயர் கொடுக்க வேண்டும், சில ஊர்களில் முந்தைய நாளே. பேசக் கிடைப்பது இரண்டு நிமிடம் மாதிரிதான். நான் முதன்முதலில் எங்கள் ஊரில் ஒரு நில வகைமாற்றக் கூட்டத்துக்குப் போய்ப் பேசியபோது, வணக்கம் சொல்லி, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறேன், என்ன வேலை பார்க்கிறேன் என்றெல்லாம் ஆரம்பித்தேன், விஷயத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. மேடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள்.

அதன் பிறகு கற்றது: முதல் வாக்கியத்தில் தெருப்பெயர், இரண்டாவதில் கோரிக்கை, மூன்றாவதில் ஒரு எண். பத்துப் பேர் போனால் பத்துப் பேரும் ஒரே பேச்சைப் பேசாமல், ஒருவர் வாடகை, ஒருவர் வாகனம், ஒருவர் பள்ளி வரி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அணியின் ஆதரவாளர்கள் அணி நிறத்தில் ஸ்கார்ஃப் போட்டு அரங்கை நிரப்புவார்கள், அதைப் பார்த்து மிரள வேண்டாம், அவர்களோடு சண்டையும் வேண்டாம். பலரும் அந்தத் தெருவில் வாக்குரிமை இல்லாதவர்கள் என்பது உறுப்பினர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நியூயார்க் மாதிரி ஊர்களில் இதற்கென்று காலவரிசையே உண்டு: சமூக வாரியத்துக்கு 60 நாள், போரோ (நகரத்தின் பெரும்பிரிவு) தலைவருக்கு 30 நாள், நகரத் திட்டக் குழுவுக்கு 60 நாள், நகர மன்றத்துக்கு 50 நாள். முதல் இரண்டும் வெறும் ஆலோசனை, கட்டுப்படுத்தாது. ஆனால் செய்தியாளர்கள் வருவது அப்போதுதான், ஆகவே உங்கள் பட்டியலை அங்கேயே பதிவு செய்துவிடுங்கள்.

படி 8: வாக்குக்கு முந்தைய வாரம்

ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி. வாக்கெடுப்புவரை அணித் தலைவர் உங்கள் தொலைபேசியை இரவு பத்து மணிக்கும் எடுப்பார், மறுநாள் அவருடைய உதவியாளரின் உதவியாளர் எடுப்பார். அந்தக் கடைசி வாரத்தில் ஒரே ஒரு வேலை: ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதன் பிரதி வாக்கெடுப்புக்கு முன் நகரத்தின் ஆவணங்களைப் பராமரிக்கும் சிட்டி கிளார்க்கிடம் பதிவாக வேண்டும். "கொள்கையளவில் ஒத்துக்கொண்டோம், விவரம் பிறகு" என்றால் ஊசலாடும் உறுப்பினருக்கு உடனே போன் போடுங்கள். முடிந்தால் ஒப்பந்தத்தை நகரத்தின் தீர்மானத்திலேயே நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுங்கள், அப்போது அதை மீறினால் நகரமும் கேட்கலாம், நீங்களும் கேட்கலாம்.

படி 9: வாக்குக்குப் பிறகு

இங்கேதான் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாஷ்வில்லில் போகவில்லை. 2019-இல் ஜான் கூப்பர் மேயரானார், இடிப்பு உத்தரவைத் தராமல் நிறுத்திவைத்தார், 2020 பிப்ரவரியில் நகரத்தின் தலையில் விழவிருந்த செலவுகளை உரிமையாளர் தரப்பு ஏற்றுக்கொண்ட பிறகுதான் வேலை தொடங்கியது. ரசிகர்கள் திட்டினார்கள். 33.5 கோடி டாலரில் 30,000 இருக்கைகளோடு ஸ்டேடியம் 2022 மே 1-இல் திறந்தது, யாரும் எங்கேயும் ஓடிவிடவில்லை.

மாறாக, பிராங்ஸில் புதிய யாங்கி ஸ்டேடியத்துக்காக 2006-இல் போட்ட ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 8 லட்சம் டாலர், 40 வருடம் என்று நல்ல தொகைதான் இருந்தது. கையெழுத்திட்டது அரசியல்வாதிகள், தெருக்காரர்கள் இல்லை. பணம் ஸ்டேடியத்துக்கு அடுத்த தெருக்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று பின்னால் பெரிய புகார் எழுந்தது.

ஆகவே மூன்று பேர் கொண்ட ஒரு கண்காணிப்புக் குழு, அதில் ஒருவராவது வாடகைக்காரர். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு தேதியையும் கூகுள் காலண்டரில் போட்டு, வேலையை விட்டாலும் ஊரை விட்டாலும் அடுத்தவருக்குக் கைமாறும்படி ஒரு பொதுக் கணக்கில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அணி நகர மன்றத்தில் நேரில் வந்து அறிக்கை தர வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அறிக்கை வர வேண்டிய நாளில் வரவில்லையென்றால் மறுநாள் காலையிலேயே ஒரு கடிதம் அணிக்கு, பிரதி கிளார்க்குக்கு, இன்னொரு பிரதி உங்கள் வார்டு உறுப்பினருக்கு. முதல் வருடம் ஒரு நாள் தாமதத்தை விட்டுக்கொடுத்தால் மூன்றாம் வருடம் அறிக்கை என்ற ஒன்று இருந்ததே அங்கே யாருக்கும் ஞாபகம் இருக்காது.